கை சுத்தமான மெக்கானிக் எங்கே?

1941-ம் ஆண்டு. ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ பத்திரிகைக்காக ஒரு காரை எடுத்துக்கொண்டு அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பியது ஒரு சிறு குழு. கார் நல்ல நிலையில்தான் இருந்தது. பட்டறைக்குப் போகும் முன் பானெட்டைத் திறந்து, இக்னிஷன் காயில் வயர் ஒன்றை மட்டும் கழற்றிவிடுவார்கள். பிறகு ஒன்றும் தெரியாதவர்கள்போல, “என்னவென்று பாருங்கள்” என்று பட்டறைக்காரரிடம் காட்டுவார்கள். பழகிய கண்ணுக்கு அது ஒரு நிமிட வேலை. இப்படி 347 பட்டறைகள் ஏறி இறங்கினார்கள். 129 இடங்களில் வயரைப் பார்த்தார்கள், மாட்டினார்கள், பலர் காசே வாங்காமல் அனுப்பிவைத்தார்கள். மீதி 218 இடங்களில் நடந்தது வேறு. பொய் சொன்னார்கள், இல்லாத கோளாறைக் கண்டுபிடித்தார்கள், செய்யாத வேலைக்குப் பில் போட்டார்கள். நூற்றுக்கு 63.

அந்தக் கணக்கு வெளியாகி எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. ஆனாலும் தாம்பரத்திலோ திருச்சியிலோ ஒரு காலைப்பொழுதில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் இருமும்போது, வீட்டுக்காரரின் வயிற்றைக் கலக்குவது அதே கேள்விதான்: யாரை நம்பி விடுவது?

“வண்டியை விட்டுட்டுப் போங்க சார், பார்த்துட்டு சாயங்காலம் போன் பண்றேன்.” கார் வைத்திருக்கும் எல்லோரும் கேட்ட வாக்கியம் இது. சாயங்காலம் போனும் வரும். “கிளட்ச் பிளேட் மட்டும்னு நினைச்சோம் சார். இறக்கிப் பார்த்தா ஃப்ளைவீலும் போயிருக்கு. இப்பவே மாத்திட்டா நல்லது.” மாற்றச் சொல்வதா, வேண்டாம் என்பதா? கியர்பாக்ஸ் கழன்று தரையில் கிடக்கிறது. வேறொருவரிடம் கொண்டுபோய்க் காட்டவும் வழியில்லை. கடைசியில் இந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு பதில் போகும்: “சரி, பார்த்துச் செய்யுங்க.”

தமிழ்நாட்டின் மெக்கானிக் ஷெட்டுகள் முழுக்க இந்த ‘பார்த்துச் செய்யுங்க’வில்தான் ஓடுகின்றன. விலை கேட்கத் தெரியாதவர், வேலை புரியாதவர், நேரம் இல்லாதவர் எல்லோரும் அந்த இரண்டு வார்த்தைகளில் தங்கள் பணத்தையும் உயிரையும் சேர்த்துத்தான் ஒப்படைக்கிறார்கள். பிரேக் வேலையைச் செய்தவர் யார் என்பது, மலைப்பாதையில் இறங்கும்போது நிஜமாகவே உயிர்க் கேள்வி.

தின்ற பிறகும் தெரியாத ருசி

ஏன் இந்தத் தொழிலில் மட்டும் இவ்வளவு சந்தேகம்? மாம்பழம் வாங்குபவர் முகர்ந்து, அமுக்கிப் பார்த்து வாங்குகிறார். புது ஹோட்டலில் சாப்பிடுபவருக்கு முதல் வாய் வைத்ததும் தெரிந்துவிடுகிறது. வண்டி ரிப்பேர் அப்படியல்ல. வேலை முடிந்து, பணம் கொடுத்து, ஆறு மாதம் ஓட்டிய பிறகும், அந்த ஃப்ளைவீல் உண்மையிலேயே போயிருந்ததா என்று தெரியாது. 1973-ல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இந்த வகைச் சேவைகளுக்குத் தனியாக ஒரு பெயரே வைத்து எழுதினார்கள். வாங்கும் முன்னும் தெரியாது, வாங்கிய பின்னும் தெரியாது. விற்பவரின் வாக்கை நம்பித்தான் வாங்க வேண்டும். கோளாறு இன்னது என்று சொல்பவரும், அதற்கு மருந்து விற்பவரும் ஒரே ஆள் என்பதுதான் சிக்கலின் வேர்.

‘நாம் பத்து வருஷமா போற இடம், நம்மள ஏமாத்த மாட்டான்’ என்று பலர் மனத்தைத் தேற்றிக்கொள்வதுண்டு. ஹென்றி ஷ்னைடர் என்ற ஆய்வாளர் இதையும் சோதித்துப் பார்த்தார். அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 40 பட்டறைகளுக்குக் குறைகள் தெரிந்த ஒரு காரை ஓட்டிப் போனார். சிலரிடம் உள்ளூர்க்காரராகப் பேசினார். சிலரிடம் சீக்கிரமே சிகாகோவுக்குக் குடிபோகப் போவதாகச் சொன்னார். திரும்பி வரக்கூடிய வாடிக்கையாளருக்குச் சோதனைக் கட்டணம் குறைந்தது. ஆனால் செய்யச் சொன்ன வேலைகளின் தரத்தில் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை. 2012-ல் வெளியான அந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. தேவையில்லாத வேலையைத் தலையில் கட்டியவர்கள் இருந்தார்கள். அவர்களைப்போலவே, கண்ணெதிரே இருந்த குறையைப் பார்க்காமலே அனுப்பியவர்களும் நிறைய இருந்தார்கள்.

அதாவது, ஏமாற்று ஒரு பிரச்னை என்றால் கவனக்குறைவு அதற்குக் குறையாத பிரச்னை. நல்ல மனசுக்காரராக ஒரு மெக்கானிக் இருந்தால் மட்டும் போதாது. பழகிய முகம் என்பதற்காக வண்டியை விட்டுவிட்டு வருபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

டார்கெட் என்னும் பூதம்

கண்ணாடிச் சுவர், ஏ.சி. அறை, காபி மெஷின், சீருடை. பெரிய சர்வீஸ் சென்டருக்குள் நுழைந்ததும் ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதிக்கு உண்மையான காரணங்களும் உண்டு: பயிற்சி பெற்ற ஆட்கள், சரியான கருவிகள், கணினியில் பதிவாகும் வரலாறு. ஆனால் வாடிக்கையாளரிடம் பேசுபவர் வண்டியைத் தொடுபவர் அல்ல. அவர் சர்வீஸ் அட்வைசர். அவருடைய சம்பளம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது, அவர் சொல்லும் ஆலோசனையின் நிறத்தையே மாற்றிவிடும்.

இதற்கு உலகம் அறிந்த பாடம் 1992-ல் கலிஃபோர்னியாவில் கிடைத்தது. சியர்ஸ் என்ற பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் கார் சர்வீஸ் மையங்கள்மீது புகார்கள் குவிந்ததும், மாநில அரசின் நுகர்வோர் துறை மாறுவேடத்தில் ஆட்களை அனுப்பியது. பிரேக் தேய்ந்திருந்ததைத் தவிர வேறு குறையில்லாத கார்கள். 38 முறை போனதில் 34 முறை தேவையில்லாத வேலைகள் சேர்க்கப்பட்டன. சராசரியாக 223 டாலர் கூடுதல் பில். அங்கே வேலை செய்தவர்கள் திடீரென்று கெட்டவர்களாக மாறிவிடவில்லை. விற்கும் பாகத்துக்கு ஏற்பக் கமிஷன், ஒரு ஷிஃப்டுக்கு இத்தனை வேலை பிடிக்க வேண்டும் என்ற ஒதுக்கீடு என்று நிர்வாகம் முறையை மாற்றியிருந்தது. அந்த முறை தவறுகளுக்கு இடம் கொடுத்துவிட்டது என்று நிறுவனத்தின் தலைவரே ஒப்புக்கொண்டார். அட்வைசர்களுக்கான கமிஷன் கைவிடப்பட்டது.

நம் ஊரிலும் பல டீலர்களிடம் அட்வைசருக்கு மாதாந்திர இலக்கு உண்டு. பத்தாயிரம் கிலோமீட்டர் சர்வீஸுக்கு வண்டியை விட்டால், ஜாப் கார்டில் ஏ.சி. கிருமி நீக்கம், இன்ஜெக்டர் கிளீனிங், எஞ்சின் கார்பன் நீக்கம், அண்டர்பாடி கோட்டிங், உள்ளே நுரை போட்டுக் கழுவுதல் என்று வரிசையாக ஏறுவது அதனால்தான். இவற்றில் சில சில வண்டிகளுக்குச் சில நேரம் பயன்படலாம். எது தேவை என்பதற்கு ஒரு சுலபமான அளவுகோல் காரின் டாஷ்போர்டு பெட்டிக்குள்ளேயே, பிரிக்கப்படாத பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கிறது: வண்டியோடு வந்த கையேடு. எத்தனை கிலோமீட்டரில் எதை மாற்ற வேண்டும், எதைப் பார்த்தால் மட்டும் போதும் என்று கம்பெனியே அட்டவணை போட்டிருக்கிறது. “இது ஷெட்யூல்ல இருக்கா?” என்று கேட்கும் ஒரு கேள்வியில் ஜாப் கார்டின் பாதி வரிகள் அடிபட்டுப்போகும்.

வாரன்டி பயமும் பலரை அங்கேயே கட்டிப்போடுகிறது. வெளியே பிரேக் ஷூ மாற்றினால்கூட வாரன்டி போய்விடும் என்று மிரட்டப்பட்டவர்கள் ஏராளம். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்து வழங்கிய உத்தரவு இந்த இடத்தில் முக்கியமானது. 2011-ல் தாக்கலான ஒரு புகாரில் தொடங்கிய வழக்கு அது. உதிரிபாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் கம்பெனிகள் தங்கள் வலைக்குள்ளேயே வைத்துக்கொண்டன என்பதுதான் குற்றச்சாட்டின் சாரம். அபராதக் கணக்கு மேல்முறையீடுகளுக்குப் போனது. ஆனால் அந்த உத்தரவு சொன்ன ஒரு கொள்கை எல்லோர் நினைவிலும் இருக்க வேண்டியது: வெளியே வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரன்டியையும் ரத்து செய்யக் கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் ஏற்பட்ட சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம். 2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று மத்திய அரசு ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காக ஒரு தளத்தைத் தொடங்கியபோது, அதில் சேர்க்கப்பட்ட துறைகளில் வாகனத் துறையும் ஒன்று.

காதும் ஸ்கேனரும்

கோவை ஜி.டி. நாயுடுவின் கதை இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மனப்பாடம். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கியவர், ஹோட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதே வண்டியை விலைக்கு வாங்கி, பிரித்துப் பிரித்து மாட்டிக் கற்றுக்கொண்டார். பிறகு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கினார். பள்ளிக்கூடம் சொல்லித்தராததைப் பிரித்துப் பார்த்துக் கற்கும் வழி அங்கிருந்தே தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ஊறிக் கிடக்கிறது. எஞ்சின் மேல் ஸ்க்ரூ டிரைவரின் நுனியை வைத்து, பிடியில் காதை வைத்துக் கேட்டு, “டேப்பட் சத்தம்”, “பேரிங் சத்தம்” என்று பிரித்துச் சொல்லும் மூத்த மெக்கானிக்குகள் இன்றும் உண்டு. அவர்களுடைய அறிவு சாதாரணமானதல்ல.

சென்னை புதுப்பேட்டையில் நடந்தால் அந்த அறிவின் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். ஆயுள் முடிந்த வண்டிகள் கதவு தனி, கியர்பாக்ஸ் தனி, ஹெட்லைட் தனி என்று பிரிக்கப்பட்டுக் கடை கடையாக அடுக்கப்பட்டிருக்கும். கொஞ்ச தூரத்தில், அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புது ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் வரிசை. மாநிலத்தின் எந்தெந்த ஊர்களிலிருந்தோ இங்கே பாகம் தேடி வருகிறார்கள்.

ஆனால் 2020 ஏப்ரல் 1-ம் தேதி பாரத் ஸ்டேஜ்-6 விதி நடைமுறைக்கு வந்தது தெருவோர ஷெட்டுகளுக்கு ஒரு பெரிய அதிர்ச்சி. இருசக்கர வண்டிகளிலிருந்து கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்து, அதன் இடத்தில் இன்ஜெக்டரும் சென்சர்களும் கணினியும் வந்தன. ஸ்க்ரூவைத் திருகி ‘ட்யூனிங்’ பார்த்த கைக்கு அங்கே திருக எதுவும் இல்லை. ஸ்கேனர் வாங்கக் காசு வேண்டும், அதைப் படிக்கப் பயிற்சி வேண்டும். மூத்த மெக்கானிக்குகள் பலர் இந்த மாற்றத்தைத் தனியாகவே கடக்க வேண்டியிருந்தது. அவர்களுக்குக் கைகொடுக்க வேண்டியவர்கள் கொடுத்தது போதாது என்பதை இங்கே சொல்லியே ஆக வேண்டும்.

ஸ்கேனர் வைத்திருப்பதாலேயே ஒருவர் நம்பத்தகுந்தவர் ஆகிவிடுவதும் இல்லை. டாஷ்போர்டில் ‘செக் எஞ்சின்’ விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேனரை மாட்டினால் பி 0171 என்று ஒரு எண் வருகிறது. எஞ்சினுக்குள் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது அதன் பொருள். அவ்வளவுதான் அது சொல்லும். உடனே, “ஆக்ஸிஜன் சென்சர் போச்சு, மாத்தணும்” என்பவர் உண்டு. சென்சர் தன் கடமையைச் செய்து உள்ளதைத்தான் சொல்லியிருக்கக்கூடும். காரணம் எங்கோ வெடித்துப் போன ஒரு வேக்குவம் குழாயாக இருக்கலாம். அழுக்கேறிய காற்று அளவு சென்சராக இருக்கலாம். பலம் குறைந்த பெட்ரோல் பம்பாக இருக்கலாம். குழாயில் விரிசல் என்றால் சில நூறு ரூபாயோடு முடிகிற கதை, சென்சரை மாற்றினால் ஆயிரங்களில் போய், விளக்கும் மறுபடி எரியும். காய்ச்சல் என்று தெர்மாமீட்டர் சொன்னதும் தெர்மாமீட்டரையே மாற்றுவது போன்றது அது.

பேட்டரியிலும் இதே கதைதான். காலையில் வண்டி ‘டக் டக்’ என்று மட்டும் சத்தம் கொடுத்தால், புது பேட்டரி விற்பது சுலபம். பொறுப்பானவர் முதலில் டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று பார்ப்பார். மல்ட்டிமீட்டரை வைப்பார். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் குற்றவாளி ஆல்டர்னேட்டர். புது பேட்டரி போட்டாலும் அதுவும் இறங்கிவிடும். இரண்டு நிமிடச் சோதனை. அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிப்பவரா, நேராக பேட்டரிக் கடைக்குப் போன் போடுபவரா என்பதில் ஒரு பட்டறையின் குணம் முழுவதும் வெளிப்பட்டுவிடுகிறது.

வண்டி ஓடும்போதே தேடுங்கள்

வண்டி நடுரோட்டில் நின்ற பிறகு மெக்கானிக்கைத் தேடுபவருக்குத் தேர்வு செய்யும் வசதி கிடையாது. டோ செய்யும் வண்டிக்காரர் எங்கே இழுத்துப் போகிறாரோ அதுதான் பட்டறை. எனவே தேடுகிற காலம், வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதுதான்.

யாரிடம் விசாரிப்பது? ஞாயிற்றுக்கிழமை மட்டும் காரை வெளியே எடுக்கும் பக்கத்து வீட்டுக்காரரைவிட, வண்டியை வைத்தே சோறு சாப்பிடுபவர்களைக் கேட்பது மேல். கால் டாக்ஸி டிரைவர்கள், டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர்கள், ஆட்டோ ஸ்டாண்டில் நிற்பவர்கள். ஒருநாள் வண்டி நின்றால் அவர்களுக்கு அன்றைய வருமானம் போச்சு. அதே கோளாறோடு இரண்டாம் முறை வந்து நிற்கவைக்கும் பட்டறையை அவர்கள் மறுநாளே மாற்றிவிடுவார்கள். “அண்ணே, இந்த மாடலுக்கு எங்க விடுறீங்க?” என்று கேட்டால் பெரும்பாலும் பெயரோடு காரணமும் சேர்ந்து வரும். டிரைவிங் ஸ்கூல் வண்டிகளின் கிளட்ச் படும் பாடு தெரிந்ததே. கிளட்ச் வேலைக்கு அவர்கள் சொல்லும் இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்து வைத்துக்கொள்ளலாம். ஸ்பேர் பார்ட்ஸ் கடை கவுன்டரில் நிற்பவருக்கும் நிறைய தெரியும். யார் எப்போதும் கம்பெனி ஐட்டமே கேட்கிறார், யார் “எது சீப்போ அதைக் குடு” என்கிறார் என்பதைத் தினமும் பார்ப்பவர் அவர்.

பெயர் கிடைத்ததும் பெரிய வேலையோடு போக வேண்டாம். ஆயில் மாற்ற, பிரேக் பார்க்க என்று ஒரு சின்ன வேலையோடு போய் உட்காரலாம். முதலில் கவனிக்க வேண்டியது, அவர் கேட்கும் கேள்விகள். “சத்தம் எப்ப வருது? காலைல முதல் ஸ்டார்ட்லயா, சூடானப்புறமா? ஸ்பீடு பிரேக்கர் ஏறும்போதா, ஸ்டீயரிங்க ஒடிக்கும்போதா?” ஒடித்துத் திருப்பும்போது மட்டும் ‘கட கட’ என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்டைச் சந்தேகிக்கலாம். வேகம் ஏற ஏறக் கூடும் ரீங்காரம் என்றால் வீல் பேரிங். மேடு பள்ளத்தில் ‘டொக்’ என்றால் சஸ்பென்ஷன் புஷ்ஷோ லிங்க் ராடோ. இவற்றைக் கேட்டுப் பிரித்தறியாமல், “வாங்கி ரொம்ப நாளாச்சுல்ல, சஸ்பென்ஷன் மொத்தமும் மாத்திடலாம்” என்று தொடங்குபவரிடமிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவதே நல்லது. கேட்டதோடு நிற்காமல், “வாங்க, ஒரு ரவுண்டு போய்ட்டு வருவோம்” என்று உரிமையாளரையும் உட்காரவைத்து ஓட்டிப் பார்ப்பவர் என்றால் பாதித் தேடல் முடிந்துவிட்டது.

இரண்டாவது, பழைய பாகம். மாற்றிய பிரேக் பேடையோ ஃபில்டரையோ திருப்பிக் கேட்கும் உரிமை கலிஃபோர்னியா போன்ற இடங்களில் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. எழுத்தில் எஸ்டிமேட் கொடுத்து ஒப்புதல் வாங்காமல் அங்கே வேலையைத் தொடங்கக் கூடாது. இங்கே வாயால் கேட்டுப் பெற வேண்டியதுதான். வேலை முடிந்த பிறகு கேட்டால் சந்தேகப்படுவதாக அவர் வருத்தப்படக்கூடும். சாவியைக் கொடுக்கும்போதே, “பழைய பார்ட்டை டிக்கில போட்டு வைங்கண்ணே” என்று சொல்லிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. பிரேக் பேடில் மிச்சமிருக்கும் பூச்சு 3 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கிவிட்டால் மாற்றும் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். டிக்கியில் கிடக்கும் பழைய பேடில் பாதிக்கு மேல் பூச்சு இருந்தால், அடுத்த முறை எங்கே போகக் கூடாது என்பது தெரிந்துவிடும். டயரும் அப்படியே. காடிகளுக்கு நடுவே உள்ள சிறு மேடுகள் 1.6 மில்லிமீட்டர் எல்லையைக் காட்டுகின்றன. ரப்பர் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேயும் முன்பே புது டயர் வாங்கச் சொல்பவர் அதற்கான காரணத்தையும் காட்ட வேண்டும். பக்கவாட்டில் வெடிப்பு, வீக்கம் என்று காரணம் இருக்கவும் கூடும்.

நல்ல பட்டறைக்காரரிடம் ‘பார்த்துச் செய்யுங்க’ என்று சொல்லவே தேவைப்படாது. அவர் காட்டிச் செய்பவர். லிஃப்டில் ஏற்றிய வண்டிக்குக் கீழே கூப்பிட்டு, டார்ச் அடித்து, ஆயில் கசியும் சீலைக் காட்டுவார். நேரில் வர முடியாதவருக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புவார். “இது இப்ப அவசரம், இது அடுத்த சர்வீஸ் வரைக்கும் தாங்கும், இதைத் தொடவே வேணாம்” என்று மூன்றாகப் பிரித்துச் சொல்வார். அந்த மூன்றாவது வகையைச் சொல்லத் தெரிந்தவரைக் கண்டால் அவருடைய எண்ணை உடனே சேமித்துக்கொள்ளலாம்.

பில்லைப் பற்றியும் கொஞ்சம். பாகத்தின் விலை தனி, லேபர் தனி என்று பிரித்து எழுதிய பில் வேண்டும். பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யையும் பார்ட் நம்பரையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்கள் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. ஒரே 18 சதவிகிதம். அதற்கு முன் பல பாகங்களுக்கு 28 இருந்தது. பழைய விகிதத்திலேயே யாராவது கணக்குப் போட்டால் கேட்க வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறு ஷெட் வரி என்று தனியாக வசூலிக்கக் கூடாது. ஆனால் சாதாரண பில் கொடுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

இந்த இடத்தில் வாடிக்கையாளர்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று மணி நேரம் வண்டிக்குக் கீழே படுத்து வேலை பார்த்தவரின் லேபரில் இருநூறு ரூபாய் குறைக்கச் சண்டை போடுபவர்கள், பாகத்தின் விலையை அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். உழைப்புக்குக் கூலி கிடைக்காத மெக்கானிக், ஸ்பேர் கடையில் கிடைக்கும் கமிஷனில் பிழைக்கத் தள்ளப்படுகிறார். கமிஷன் எந்தப் பாகத்தில் அதிகமோ அந்தப் பாகம் அடிக்கடி ‘போய்விடுகிறது’. லேபரை நியாயமாகக் கொடுத்து, பாகத்தைத் தாங்களே கடையில் வாங்கித் தரட்டுமா என்று கேட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். ஒரு கண்ணியமான கூலி, கண்ணியமான வேலையைக் கேட்டுப் பெறும் உரிமையைக் கொடுக்கிறது.

தெரிந்தவர்போலப் பேசுவது எவ்வளவு வேலை செய்யும்? அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வில் ஆண்களும் பெண்களும் பட்டறைகளுக்குப் போன் செய்தார்கள். 2003 மாடல் டொயோட்டா கேம்ரிக்கு ரேடியேட்டர் மாற்ற என்ன ஆகும் என்பது கேள்வி. சிலர் 365 டாலர் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார்கள். அதுதான் சந்தை விலை. சிலர் 510 என்றார்கள். சிலர் ஒன்றும் தெரியாது என்றார்கள். ஒன்றும் தெரியாது என்று சொன்னபோது பெண்களுக்கு ஆண்களைவிட அதிக விலை சொல்லப்பட்டது. விலை தெரியும் என்று காட்டிக்கொண்டதும் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. குறைத்துக் கேட்டபோது 35 சதவிகிதப் பெண்களுக்கு இறங்கி வந்தார்கள். ஆண்களுக்கு 25 சதவிகிதம்தான். ஸ்கூட்டி சர்வீஸுக்கே அண்ணனையோ கணவரையோ துணைக்கு அழைத்துப் போகும் பெண்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். துணைக்கு வரும் ஆணைவிடப் பலமான துணை, வீட்டிலிருந்து இரண்டு இடங்களுக்குப் போன் செய்து தெரிந்துகொண்ட ஒரு விலை.

எல்லாம் பார்த்தும் ஏமாந்துவிட்டால்? 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் கொடுக்க மறுப்பதே நியாயமற்ற வணிகமுறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லலாம். தீரவில்லை என்றால், தான் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள், வழக்கறிஞர் இல்லாமலும் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஜாப் கார்டு, பில், வாட்ஸ்அப் உரையாடல், டிக்கியில் கிடக்கும் பழைய பாகம் எல்லாமே அங்கே சாட்சிகள்.

மழைக்கால போன்

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் கார்கள் கூரை வரை மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மறுபடியும் அதே காட்சி. மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டு வீடு திரும்பும் மக்களை இப்போது ஒவ்வொரு பருவமழையிலும் பார்க்க முடிகிறது.

தண்ணீர் வடிந்த காலையில் நடக்கும் ஒரு காரியம் பல எஞ்சின்களைக் கொன்றிருக்கிறது. உரிமையாளர் கதவைத் திறக்கிறார், உள்ளே சேறு. மனசு கேட்காமல், ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்கச் சாவியைத் திருப்புகிறார். காற்று போகும் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், பிஸ்டன் மேலே ஏறி அதை அமுக்கப் பார்க்கும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராட் வளைந்துபோகும். சில சமயம் எஞ்சின் பிளாக்கே உடைந்துவிடும். அதற்கு மேல் ஸ்பானர் வேலை இல்லை, எஞ்சினை இறக்கும் வேலைதான். பில் லட்சத்தைத் தொடும். இன்ஷூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பாலிசி எடுக்காதவர்கள் பலர் அந்தத் தொகையைக் கையிலிருந்தே கொடுத்தார்கள்.

சாவியைத் திருப்பாமல் விட்டிருந்தால் வேலை வேறு. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினைச் சுற்றவிட்டுத் தண்ணீரை வெளியே தள்ளி, ஆயிலையும் ஃபில்டர்களையும் மாற்றி, வயரிங்கைக் காயவைத்து, பிறகு மெதுவாக ஸ்டார்ட் செய்து பார்ப்பார்கள். பல வண்டிகள் அப்படியே உயிர் பிழைத்துவிடும். மெக்கானிக்குக்குக் கிடைக்கும் வருமானம் மட்டும் எஞ்சின் வேலையில் வரக்கூடியதில் ஒரு சிறு பகுதிதான்.

இது எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். தெரிந்தும், மழை விட்ட அதிகாலையில், தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது, தன் பட்டறையும் நனைந்து கிடக்கும் நிலையில், வாடிக்கையாளர்களின் எண்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூப்பிடும் மெக்கானிக்குகள் இந்த ஊரில் உண்டு. “சார், எந்திரிச்சிட்டீங்களா? வண்டிக்குள்ள தண்ணி போச்சா? சாவிய மட்டும் திருப்பிடாதீங்க. பேட்டரி வயர கழட்டி விடுங்க. நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க.”